ஜெலட்டினில் வாழ்த்து அட்டை



தங்கவயலில் ஜெலட்டின் என்றால் பாறை பிளக்கும் வெடி. சுரங்கம் 2001-இல் மூடியது. பேர் மட்டும் மறக்கவில்லை. இது அது அல்ல. பயம் வேண்டாம்! இது மாட்டு எலும்பு, தோல் போன்றவற்றில் எடுக்கும் தூள். சைவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புவோம். உள்ளே நம் கையெழுத்து இருக்கட்டும்.

அரை டம்ளர் கிளிசரினில் 3 பெரிய கரண்டி தூளைக் கலக்குங்கள். அரை டம்ளர் கொதிநீர் விட்டுக் கரையுங்கள். தட்டில் ஊற்றி ஓர் இரவு வையுங்கள். கட்டியாகும்.

அதன்மேல் உருளையால் வண்ணத்தை மெல்லியதாகத் தடவுங்கள். வேப்பிலையை வையுங்கள். அட்டையை அழுத்தி எடுங்கள். இலை இருந்த இடம் வெள்ளையாகத் தெரியும். வண்ணம் காயுமுன் இலையை எடுத்துவிட்டு, வேறு அட்டையை அழுத்துங்கள். இதுதான் அழகு! இலை நரம்பெல்லாம் பதியும்.

கட்டி கிழிந்தால் எறியாதீர்கள். இளஞ்சூட்டில் உருக்கி மறுபடி ஊற்றலாம்.