இரத்தக் கொதிப்பும் நம் இல்லத்து உப்பும்

(கல்விச் சங்க வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

கல்விக்கென எடுக்கப்பெறும் விழாவில் உப்பைப் பற்றியும் இரத்தக் கொதிப்பைப் பற்றியும் பேசத்தான் வேண்டுமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். வேண்டும் என்பதே என் விடை. நம் பிள்ளைகளின் படிப்பு இடையில் நின்றுபோவதற்குரிய காரணங்களை எண்ணிப் பாருங்கள். வறுமை ஒரு காரணம். வீட்டின் உழைப்பாளி திடீரென்று வீழ்ந்துவிடுவது மற்றொரு காரணம். நாற்பத்தைந்து வயதுடைய தந்தை பக்கவாதத்தால் ஒரு கையும் ஒரு காலும் செயலிழந்து கட்டிலில் கிடப்பாராயின், அவ்வீட்டு மகன் கல்லூரியை விட்டுக் கூலி வேலைக்குச் செல்கிறான். மகள் பள்ளியை விட்டு நோயாளிக்குத் துணையாகிறாள். பரம்பரைச் சொத்துடைய குடும்பம் அத்தகைய அடியை ஒருவாறு தாங்கிக்கொள்ளும். நிலமும் பொருளும் இன்றி, ஒருவருடைய உழைப்பையே முதலாகக் கொண்டு மேலே வந்த குடும்பமோ ஒரே நாளில் ஒரு தலைமுறை பின்னுக்குத் தள்ளப்பட்டுவிடும். அந்தப் பக்கவாதத்திற்கு முதன்மையான காரணம் இரத்தக் கொதிப்பு. ஆகவே கல்வியைக் காக்க விரும்பும் சங்கம் இரத்தக் கொதிப்பைப் பற்றியும் கவலைப்பட்டே ஆகவேண்டும்.

இவ்வெண்ணம் நமக்குப் புதியதன்று. பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) சிந்தனையாளர், இதழாசிரியர் என்பதை நாம் அறிவோம். அவர் சித்த மருத்துவருமாவார். சமூகத்தின் விடுதலைக்காக எழுதிய கையே நோயாளியின் நாடியையும் பிடித்தது. அண்ணல் அம்பேத்கரோ நீரிழிவு நோயால் நலிவுற்று, 1956 டிசம்பர் 6 ஆம் நாள் தம் 65 ஆம் வயதிலேயே மறைந்தார். இன்னும் பத்தாண்டுகள் அவர் உடல்நலத்தோடு வாழ்ந்திருந்தால் நமக்கு எத்துணைப் பயன் விளைந்திருக்கும்! தலைவர்க்கு மட்டுமன்று, ஒவ்வொரு வீட்டுத் தலைவனுக்கும் தலைவிக்கும் இது பொருந்தும்.

இரத்தக் கொதிப்பு என்பது யாது? இதயம் சுருங்கிக் குருதியை வெளியே தள்ளும்போது குருதிக் குழாய்களின் சுவரில் ஏற்படும் அழுத்தம் மேல் எண்; இதயம் விரிந்து இளைப்பாறும்போது எஞ்சி நிற்கும் அழுத்தம் கீழ் எண். 1896 இல் இத்தாலிய மருத்துவர் ரிவா-ரோச்சி கையில் கட்டும் பட்டையை அமைத்தார். 1905 இல் உருசிய மருத்துவர் கொரோட்காவ் கேட்புக்குழாய் வைத்து இரு எண்களையும் அறியும் முறையைக் கண்டார். இன்றும் அந்த வழியில் அளக்கின்றனர். மேல் எண் 120க்கும் கீழ் எண் 80க்கும் குறைவாக இருப்பது நலம். வெவ்வேறு நாள்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருக்குமாயின் அதுவே இரத்தக் கொதிப்பு.

இந்நோயின் கொடுமை அதன் மௌனத்தில் இருக்கிறது. தலைவலி வந்தால்தான் கொதிப்பு, கோபக்காரருக்குத்தான் கொதிப்பு, பருத்த உடலினருக்குத்தான் கொதிப்பு என்றெல்லாம் நம்மிடையே கருத்துகள் உலவுகின்றன. இவை சரியானவை அல்ல. மெலிந்தவர்க்கும் வரும், சாந்தமானவர்க்கும் வரும், முப்பது வயதினர்க்கும் வரும். பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இன்றி இருந்து, இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கண்ணையும் உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டிருக்கும். உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு என்றும், அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் அதனை அறியாமலே வாழ்கின்றனர் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அளந்து பார்ப்பதொன்றே அறியும் வழி.

இனி உப்பிற்கு வருவோம். நாம் உண்ணும் உப்பில் ஐந்தில் இரண்டு பங்கு சோடியம். அது உடலில் மிகும்போது நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. குருதியின் அளவு கூடுகிறது. குழாய்ச் சுவரின்மேல் அழுத்தம் ஏறுகிறது. மிகுதியான உப்பை வெளியேற்றும் பணி சிறுநீரகத்தினுடையது. ஆண்டுக்கணக்கில் அதன்மேல் சுமையை ஏற்றினால் அதுவும் தளர்ந்துபோகும்.

இதற்குச் சான்றுகள் உண்டு. 32 நாடுகளில் 52 இடங்களில் பதினாயிரம் பேருக்கு மேல் ஆராய்ந்து 1988 இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், பிரேசில் நாட்டுக் காடுகளில் உப்புச் சேர்க்காமல் உண்டு வாழும் யானோமாமி மக்களும் இடம்பெற்றனர். வயது ஏற ஏற இரத்த அழுத்தமும் ஏறும் என்பதை இயற்கை விதியெனவே நாம் கருதுகிறோம். அம்மக்களிடம் அந்த ஏற்றம் காணப்படவில்லை. அமெரிக்காவில் 412 பேருக்கு அளந்த உணவைக் கொடுத்து நடத்தி 2001 இல் வெளியிடப்பெற்ற ஆய்வில், காய்கறியும் பழமும் கொழுப்பு குறைந்த பாலும் மிகுந்த உணவோடு உப்பையும் குறைத்தபோது, கொதிப்புடையவர்களின் மேல் எண் சராசரியாக 11 அளவுக்கு மேல் இறங்கியது. அது ஒரு மாத்திரையின் பயனுக்கு ஒப்பானது.

அருமை இளைஞர்களே! நம் மக்கள் உப்பை மிகுதியாக உண்ணலாயினர் என்றால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. நாளெல்லாம் வெயிலில் வயல்வேலை செய்த நம் பாட்டனாருக்கும் பாட்டியாருக்கும் கிடைத்தவை கூழும் பழஞ்சோறும். பருப்பும் காய்கறியும் நெய்யும் காணாத அவ்வுணவைத் தொண்டைக்குள் இறக்குவதற்கு ஒரு கல் உப்பும் பச்சை மிளகாயும், வாய்த்த நாளில் ஒரு துண்டு கருவாடும் துணை நின்றன. உப்பே அவர்களுக்குக் குழம்பு. உப்பே அவர்களுக்குக் கறி. அந்நாவிற்கு அந்த அளவை வகுத்துக் கொடுத்தது வறுமை. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் அலுவலகத்தில் அமர்ந்து எழுதுகின்றனர். பேருந்திலும் வண்டியிலும் செல்கின்றனர். உழைப்பு மாறிவிட்டது; உப்பின் அளவு மாறவில்லை. போதாக்குறைக்கு மிக்சர், சிப்ஸ், பொட்டல நூடுல்ஸ் எனக் கடை உப்பும் வந்து சேர்ந்துவிட்டது. வறுமை வகுத்த அளவை அறிவால் திருத்திக்கொள்ள வேண்டிய காலம் இது.

எவ்வளவு உப்புத் தகும்? வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் நாட்டவர் சராசரியாக 8 கிராம் அளவிலும் அதற்கு மேலும் உண்கின்றனர் என ஆய்வுகள் காட்டுகின்றன. மேலை நாடுகளில் உப்பின் பெரும்பகுதி ஆலையில் செய்த உணவுகள் வழியே உடலுக்குள் செல்கிறது. நம் வீடுகளிலோ பெரும்பகுதி நம் கையாலேயே உலையிலும் குழம்பிலும் இடப்படுகிறது. ஆகவே குறைப்பதும் நம் கையில்தான் இருக்கிறது.

இதற்கு ஓர் எளிய கணக்குச் சொல்கிறேன். வளர்ந்தோர் நால்வர் உள்ள வீட்டில் ஆளுக்கு 5 கிராம் வீதம் 30 நாளுக்கு 600 கிராம் ஆகிறது. ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஐம்பது நாள் வரவேண்டும். அது முப்பது நாளில் தீருமாயின் ஆளுக்கு 8 கிராமுக்கு மேல் செல்கிறது என்று பொருள். மீன் கழுவவும் பிறவற்றுக்கும் செலவாவதைத் தனியே எடுத்துவைத்து விடுங்கள். ஊறுகாய், கருவாடு வழியே வரும் உப்பு இக்கணக்கில் சேரவில்லை என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். பொட்டலத்தைப் பிரிக்கும் நாளை அதன்மேல் எழுதி வையுங்கள். எழுதப் படித்த பிள்ளை ஒவ்வொரு வீட்டிலும் இன்று இருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் இப்பொறுப்பை ஒப்படையுங்கள்.

சமையலில் செய்யத் தகுந்தவை சில. சோறு வடிக்கும்போது உப்பு இட வேண்டுவதில்லை. உண்ணும் இடத்தில் உப்புக் கிண்ணம் வைக்க வேண்டுவதில்லை. குழம்பிலும் பொரியலிலும் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து வந்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி, கறிவேப்பிலை ஆகியவை உப்புக் குறைந்த இடத்தைச் சுவையால் நிரப்பும். ஊறுகாய், அப்பளம், வடகம், மோர் மிளகாய் ஆகியவற்றை நாள்தோறும் உண்ணாமல் எப்பொழுதேனும் உண்பதற்கென வைத்துக்கொள்ளுங்கள். கருவாட்டை நீரில் நன்கு ஊறவைத்து, நீரை இரண்டு மூன்று முறை மாற்றிக் கொட்டிவிட்டு, அக்குழம்பில் வேறு உப்பு இடாமல் ஆக்குங்கள். உப்புக்கண்டத்திலும் உப்பு மிகுதி. அதே இறைச்சியைப் புதிதாகச் சமைத்தால் அக்குறை இல்லை. நம் உணவை இழிவென்று பேசுவோரின் சொல்லுக்கு இணங்கி நான் இதைக் கூறவில்லை. நம் கூழும் மீனும் இறைச்சியும் நல்ல உணவுகளே. அவற்றோடு சேரும் உப்பின் அளவு ஒன்றே என் கவலை.

கல்லுப்பு கெடுதலன்று, இந்துப்பு மருந்து என்று சிலர் கூறுவர். கல்லாயினும் தூளாயினும் இந்துப்பாயினும் அவற்றில் பெரும்பகுதி அதே சோடியம் உப்புத்தான். அயோடின் கலந்த உப்பையே குறைந்த அளவில் பயன்படுத்துங்கள். கீரை, பயறு, வாழைப்பழம், காய்கறி ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம் இரத்த அழுத்தத்தைத் தணிக்க உதவும். சோடியத்தில் ஒரு பகுதியைக் குறைத்துப் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைச் சீன நாட்டில் 600 சிற்றூர்களில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தனர். பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது என 2021 இல் முடிவு வெளியாயிற்று. ஆனால் சிறுநீரக நோயுள்ளவர்க்கு அவ்வுப்பு ஆபத்தாகக்கூடும். இதய நோய்க்கும் கொதிப்புக்கும் தரப்படும் மாத்திரைகள் சிலவற்றோடும் அது ஒத்துவராது. மருத்துவரைக் கேளாமல் அதனை வாங்குதல் கூடாது. அவ்வாறே வாந்தி பேதி கண்டவர்க்கு உப்பு சர்க்கரைக் கரைசலை மறுக்கக் கூடாது. கருவுற்ற பெண்கள் உப்பைப் பற்றித் தாமே முடிவு செய்யாமல், மாதந்தோறும் இரத்த அழுத்தத்தை அளந்து மருத்துவர் சொற்படி நடக்கவேண்டும்.

உப்பைக் குறைத்தல் ஒரு தூண் எனின், வேறு தூண்களும் உள. வாரத்தில் 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரைமணி நேரம், விரைந்து நடத்தல் வேண்டும். மிகுந்த எடையைக் குறைத்தல் வேண்டும். பீடி, சிகரெட், புகையிலை ஆகியவற்றை அறவே விடுதல் வேண்டும். மது இரத்த அழுத்தத்தை ஏற்றும். குடும்பத்தின் கையிருப்பை இறக்கும். அதன் கேட்டை நம் தாய்மார்கள் என்னைவிட நன்கறிவர். உறக்கமும் போதிய அளவு வேண்டும்.

மருந்தைப் பற்றி ஒரு சொல். உப்பைக் குறைத்தோம், நடக்கிறோம், உடம்பும் நன்றாகத்தானே இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை உண்பதனால்தான் எண் இறங்கி நிற்கிறது. கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவர் செய்யவேண்டியவை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்நோய்க்குரிய சோதனையும் மாத்திரையும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டு 5 இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையை வீட்டு வாயிலுக்கே கொண்டுவரும் நோக்கமுடையது. ஏதோ ஒரு மருத்துவமனையில் மரியாதையற்ற ஒரு சொல்லைக் கேட்டதனால், மறுமுறை அந்தப் படியேறாத முதியோர் நம்மிடையே உண்டு. அவர்களின் மனவருத்தம் நியாயமானது. ஆனால் அந்தச் சொல்லுக்காக நம் உயிரை நாம் இழக்கலாகாது. அவர்களோடு படித்த இளைஞர் ஒருவர் துணை செல்வாராயின், கேட்க வேண்டியதைக் கேட்டு, உரிமையைப் பெற்றுத் திரும்பலாம்.

நிறைவாக, இச்சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நம் படிப்பகத்தில் ஓர் இரத்த அழுத்தமானியை வாங்கி வைக்கவேண்டும். இரண்டாவது, இளைஞரும் இளம்பெண்களுமாகச் சிலருக்கு அதனை முறையாகப் பயன்படுத்தும் பயிற்சியளிக்க வேண்டும். அளக்கப்படுபவர் அரைமணி நேரத்திற்குள் காப்பியோ புகையோ கொண்டிராமல், ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்து, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, கையை இதயத்தின் மட்டத்தில் வைத்திருக்க வேண்டும் என்பதை அவர்கள் கற்கட்டும். மூன்றாவது, முப்பது வயது கடந்த ஒவ்வொருவர் பெயரிலும், குறிப்பாக எல்லோர்க்கும் இட்டுவிட்டுக் கடைசியில் உண்ணும் தாய்மார்கள் பெயரில், ஓர் ஏடு எழுதப்பட்டு, எண் மிகுந்தவர்கள் மருத்துவரிடம் அனுப்பப்பட வேண்டும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. அரைவயிற்றுக் கூழுண்டு, உப்பைக் கறியாகக் கொண்டு, நம்மைப் படிக்க வைத்தவர்களை நாம் நினைக்கவேண்டும். அவர்களின் கையைப் பிடித்து இந்த மாதமே அளந்து பார்ப்பதும், அவர்களுடைய இலையில் உப்பைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவதுமே அந்நினைவிற்குப் பொருள் தரும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகள் கையில் புத்தகத்தைக் கொடுத்த இச்சங்கம், அப்பிள்ளைகளின் பெற்றோர்க்கு நீண்ட ஆயுளையும் பெற்றுத்தரும் பணியில் இறங்குமாறு வேண்டுகிறேன்.