தீர்ப்பு இல்லாத வழக்கு

பேசத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. 'கால் ஆஃப் க்துல்ஹு' விளையாட்டில் 'தி ஹான்டிங்' என்ற கதையை இன்னும் ஆடிப் பார்க்காதவர்கள், என்றாவது ஆட நினைப்பவர்கள், இப்போதே வானொலியை அணைத்துவிடுங்கள். நான் வருத்தப்பட மாட்டேன். அந்தக் கதையின் குடலை இன்று உருவிப் போடப்போகிறேன்.

மற்றவர்களுக்கு அடிப்படை தெரிந்திருக்கும். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறோம். ஒருவர் கீப்பர், கதையின் உலகம் முழுவதும் அவர் வாயில். மற்றவர்கள் துப்பறிபவர்கள். பகடை உருள்கிறது. இதையெல்லாம் விளக்கப்போவதில்லை. நேராக என் எரிச்சலுக்கு வந்துவிடுகிறேன்.

இப்போது ஒரு மோகம் கிளம்பியிருக்கிறது. திகில் கதை நடத்துகிறேன், வாருங்கள் என்று யாராவது அழைக்கிறார்கள். போய்ப் பார்த்தால் அறை முழுக்க மெழுகுவத்தி. மேசை நடுவில் பிளாஸ்டிக் மண்டையோடு. சிவப்பு பல்பு. மூலையில் புளூடூத் ஸ்பீக்கரில் மழைச் சத்தம். கீப்பர், ஏதோ வீடியோவில் பார்த்தவரைப் போலத் தொண்டையைக் கரகரவென்று வைத்துக்கொண்டு பேசுவார். எல்லாம் தயார். வழக்கு மட்டும் தயாராக இருக்காது. செத்தது யார், ஏன் செத்தார், அது எந்தக் காகிதத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் ஆடும்போது பாத்துக்கலாம்" என்பார்கள்.

இந்தப் பாவத்தை நானும் செய்தவன்தான். முதன்முதலில் கீப்பராக உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை, நண்பர் வீட்டு ஹாலில் ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி இருட்டாக்கினேன். செல்பேசியில் மழை. நால்வரும் நிலவறைப் படிக்கட்டில் இறங்குகிறார்கள். கீழே யாரோ மூச்சு விடும் சத்தம் என்று மெதுவாகச் சொல்கிறேன். மழை நின்றது. ஒரு பெண் குரல் மிகுந்த உற்சாகத்தோடு எங்களைப் பற்பசை வாங்கச் சொன்னது. அன்று சிரித்த சிரிப்பை அந்த நால்வரும் இன்னும் எனக்கு மறக்கவிடவில்லை.

ஆனால் அன்றைய ஆட்டத்தைக் கெடுத்தது விளம்பரம் இல்லை. அதற்கு வெகுமுன்பே ஆட்டம் படுத்துவிட்டது. ஒரு நாட்குறிப்பை மேசை இழுப்பறைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அது கிடைத்தால்தான் கதை அடுத்த இடத்துக்கு நகரும். கண்டுபிடிக்கப் பகடை உருட்டச் சொன்னேன். மூன்று பேர் உருட்டினார்கள். மூவருக்கும் விழவில்லை. அப்புறம் நாற்பது நிமிடம் அந்த ஒரே அறையைச் சுற்றிச் சுற்றி வந்தோம். முறுக்கு டப்பா காலியானது. கடைசியில் கதையில் வரும் வீட்டுச் சமையல்காரரை உள்ளே அனுப்பி, "ஐயா, இழுப்பறையைப் பாத்தீங்களா?" என்று நானே கேட்க வைத்தேன். வெட்கக்கேடு.

கணக்கைப் பாருங்கள். இந்த விளையாட்டில் தனிப் பயிற்சி இல்லாதவருக்கு, மறைந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் திறன் 25 சதவீதம். நூறு வரை காட்டும் பகடையில் 25-க்குள் விழ வேண்டும். அப்படிப்பட்ட மூன்று பேர் தேடினால், நூற்றுக்கு 42 தடவை மூவர் கையிலும் எதுவும் சிக்காது. கதைக்குள் நுழையும் வாசலுக்கே இப்படி ஒரு பூட்டைத் தொங்கவிட்டுவிட்டு, ஆட்டக்காரர்கள் சரியில்லை என்று குறை சொல்கிறோம்.

ஆகவே துப்பைப் பகடைக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள். கையில் வேலையாக இருப்பவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். துப்பைப் பகடைக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. 2007-இல் ராபின் லாஸ் 'தி எசோடெரரிஸ்ட்ஸ்' விளையாட்டில் இதையே விதியாக்கினார். திறன் உள்ளவர் சரியான இடத்தில் தேடினால் துப்பு கிடைத்தே தீரும், பகடைக்கு அங்கே வேலையில்லை. மறு ஆண்டே கென்னத் ஹைட் அந்த விதிகளை வைத்து 'ட்ரெயில் ஆஃப் க்துல்ஹு' செய்தார். அதே 2008-இல் ஜஸ்டின் அலெக்சாண்டர் சொன்ன வழி இன்னும் எளிது. ஆட்டக்காரர்கள் எந்த முடிவுக்கு வர வேண்டுமோ, அதற்கு மூன்று துப்பாவது வையுங்கள் என்றார். மூன்றில் இரண்டு எப்படியும் வீணாகும் என்பது என் அனுபவம்.

நல்ல மருந்துகள்தான். ஆனால் மருந்தால் நோய் போகுமே தவிர, சாப்பாட்டுக்கு ருசி வராது. துப்பு கிடைத்தாகிவிட்டது, சரி. அது ஏன் வயிற்றைக் கலக்க வேண்டும்? இதற்குப் பதில் தேடித்தான் நான் திரும்பத் திரும்ப 'தி ஹான்டிங்' கதையில் வரும் கார்பிட் வீட்டுக்குப் போகிறேன்.

1981-இல் சாண்டி பீட்டர்சன் எழுதி, கேயாசியம் நிறுவனம் வெளியிட்ட 'கால் ஆஃப் க்துல்ஹு' முதல் பதிப்பிலேயே அந்த வீடு இருந்தது. இதே பீட்டர்சன் பின்னாளில் 'டூம்' கணினி விளையாட்டில் வேலை செய்தவர். அதில் எதிரே வருவதையெல்லாம் சுட்டுத் தள்ளலாம். இங்கே துப்பாக்கியை நம்பினால் அதோகதிதான்.

1920-கள். பாஸ்டன் நகரம். ஒரு வீட்டுச் சொந்தக்காரர் வருகிறார். தன் வீட்டில் குடியிருந்த மக்காரியோ குடும்பத்தில் கணவன், மனைவி இருவருக்கும் புத்தி பேதலித்துவிட்டது, இனி யாரும் வாடகைக்கு வர மாட்டார்கள், என்னவென்று பார்த்துச் சொல்லுங்கள் என்கிறார். சாவியையும் கொடுத்துவிடுகிறார். பூட்டிய கதவு இல்லை, ரகசிய வரைபடம் இல்லை. விருப்பப்பட்டால் அப்போதே போய்க் கதவைத் திறக்கலாம்.

ஆனால் பத்திரிகை அலுவலகம் திறந்திருக்கிறது. நூலகம் திறந்திருக்கிறது. ஆவணக் காப்பகமும் திறந்திருக்கிறது. அங்கெல்லாம் ஏறி இறங்கினால் வீட்டின் வரலாறு துண்டு துண்டாகக் கிடைக்கும். 1835-இல் பணக்கார வணிகர் ஒருவர் வீட்டைக் கட்டினார். கட்டிய கையோடு நோயில் விழுந்து, வால்டர் கார்பிட் என்பவருக்கு விற்றார். 1852-இல் அக்கம்பக்கத்தார் சேர்ந்து, கார்பிட் அங்கிருந்து போக வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். அவர்தான் ஜெயித்திருக்க வேண்டும். ஏனென்றால் 1866-இல் சாகும்போதும் அதே வீட்டில்தான் இருந்தார். அப்போது இரண்டாவது வழக்கு. தன்னை அந்த வீட்டு நிலவறையிலேயே புதைக்க வேண்டும் என்று மனிதர் உயில் எழுதியிருந்தார். அதைத் தடுக்கத்தான் இந்த வழக்கு.

இரண்டாவது வழக்கின் தீர்ப்பு பதிவாகவில்லை.

அவ்வளவுதான். இந்த ஒரு வரிக்காக நான் அந்தக் கதையைப் பதினோரு தடவை நடத்தியிருக்கிறேன்.

எங்கள் குழுவில் பத்திரம் எழுதும் தொழில் செய்யும் பெரியவர் ஒருவர் உண்டு. பேய்க்கதை என்றால் கொட்டாவி விடுவார். மருமகன் இழுத்துக்கொண்டு வந்ததால் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் துப்பாக்கிக்குத் தோட்டா எண்ணிக்கொண்டிருந்தபோது, அவர் கேட்டார்: "வீடுன்னு சொல்றீங்க. வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா தம்பி?" பாஸ்டனில் வில்லங்கச் சான்று உண்டா என்று நான் யோசிக்கவில்லை. காப்பகத் தாளை எடுத்து நீட்டினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார்.

"தீர்ப்பு நகல் எங்க?"

"இல்லைங்க சார். அதுவரைக்கும்தான் பதிவு இருக்கு."

தாளை மெல்லக் கீழே வைத்தார். "அப்ப அவரு வீட்டுக்குள்ளதான் இருக்காரு" என்றார்.

நேயர்களே, கவனியுங்கள். அதுவரை 'அந்த ஆளு', 'கார்பிட்டு' என்று பேசிக்கொண்டிருந்தவர் அவர். அந்த நொடியில் 'இருக்காரு' என்றார். கதையில் செத்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது, அதுவும் கற்பனை மனிதர். அவருக்கு மரியாதை வந்துவிட்டது. மேசையில் யாரும் பேசவில்லை. மின்விசிறிச் சத்தம்தான். நான் மெழுகுவத்தி ஏற்றவில்லை, குரலை மாற்றவில்லை. பட்டப்பகல், மூன்று மணி.

ஏன் இப்படி ஆயிற்று? நிலவறையில் புதைத்தார்கள் என்று தாளில் இருந்தால், அது வெறும் தகவல். புதைக்க அனுமதிக்கவில்லை என்று இருந்தால், கீப்பர் பிறகு பொய்யாக்கப்போகிற தகவல். இரண்டும் இல்லை. ஓர் இடம் காலியாக இருக்கிறது. அந்தக் காலியிடத்தில் தீர்ப்பை எழுதியது பெரியவர். நான் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார். முப்பது வருடம் பத்திரம் பார்த்த அவருடைய கண்ணே சொன்னதால் நம்பினார். பயம் காகிதத்தில் இருக்கிறது. ஸ்பீக்கரில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் நடப்பவை எல்லோருக்கும் பிடித்தவை. மாடி அறையில் கட்டில் தானாக நகர்ந்து ஆளை ஜன்னல் வழியே வெளியே தள்ளும். நிலவறையில் கத்தி பறந்து வரும். நன்றாகத்தான் இருக்கும், தீபாவளி வெடி மாதிரி. பல கீப்பர்கள் காப்பகத்தைக் கால் மணியில் முடித்துவிட்டுக் கட்டிலுக்கு ஓடுகிறார்கள். என் மேசையில் காப்பகத்துக்கு இரண்டு மணி நேரம், வீட்டுக்கு ஒரு மணி நேரம். கத்தி யாரைக் குத்தியது என்பதை மறுவாரமே மறந்துவிடுகிறார்கள். அந்தத் தாளை மறப்பதில்லை.

தாளைப் பற்றி என் பிடிவாதங்கள் சில உண்டு. டிக்காஷனில் நனைத்து, ஓரத்தைக் கொளுத்திப் பழசாக்கும் வேலை எனக்குப் பிடிக்காது. பழுப்பு நிறத்தைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. ஒரே ஒரு பிரதிதான் கொடுப்பேன். ஆளுக்கொன்று கொடுத்தால் எல்லோரும் தேர்வு எழுதுவது போலக் குனிந்துகொள்வார்கள். ஒன்றே ஒன்று என்றால் ஒருவர் வாய்விட்டுப் படித்தாக வேண்டும். படிப்பவர் குரல் எந்த வரியில் தடுமாறுகிறது என்று மற்றவர்கள் காதால் பிடித்துக்கொள்வார்கள். அப்போது கீப்பர் வாயைத் திறக்கக் கூடாது. வானொலியில் உட்கார்ந்து இதைச் சொல்வதில் எனக்கொரு சந்தோஷம். இந்த மேசையும் அந்த மேசையும் ஒரே ஜாதி. குரல் போதும்.

அப்படியானால் பகடை எதற்கு? அறிந்துகொண்டதற்கு விலை கொடுக்க. இந்த விளையாட்டில் மனநிதானத்தை அளக்கும் 'சானிட்டி' விதியில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. பார்க்கக் கூடாததைப் பார்த்து ஒரே வீச்சில் ஐந்து புள்ளிகளோ அதற்கு மேலோ இழந்தால், அறிவுக்கு ஒரு பகடை உருட்ட வேண்டும். தோற்றால் பிழைத்தீர்கள், கண்டதை மனம் விழுங்கிவிடும். ஜெயித்தால், பார்த்தது என்னவென்று புரிந்துவிட்டது என்று பொருள். புத்தி தடுமாறும். புத்திசாலிக்குத்தான் ஆபத்து. அதோடு, அந்தப் பழைய ரகசியங்களைப் பற்றிய அறிவு எத்தனை சதவீதம் ஏறுகிறதோ, சானிட்டியின் உச்சவரம்பு அத்தனை இறங்கும். 99-இலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும், திரும்ப ஏறாது. துப்பை இலவசமாகக் கொடுங்கள், விலையைப் பின்னால் வாங்குங்கள்.

வேறு விளையாட்டே இல்லையா என்பீர்கள். 'ட்ரெட்' இருக்கிறது. பகடைக்குப் பதில் மரக்கட்டைக் கோபுரம். ஒவ்வொரு கட்டையாக உருவ வேண்டும், சரிந்தால் பாத்திரம் காலி. கை நடுங்கும், உண்மை. ஆனால் கண்ணெல்லாம் கோபுரத்தில் இருக்கும்போது வழக்கை யார் யோசிப்பது? 'டென் கேண்டில்ஸ்' இருக்கிறது. கடைசியில் எல்லோரும் சாவது உறுதி. அழகானதுதான், ஆனால் அதில் துப்பறிய என்ன இருக்கிறது? 1984-இல் வந்த 'மாஸ்க்ஸ் ஆஃப் ந்யார்லதோடெப்' இருக்கிறது. நியூயார்க் ஓட்டல் அறையில் நண்பர் கொலையுண்டு கிடக்கிறார். அங்கே கிடைக்கும் தீப்பெட்டி ஷாங்காயையும், கடிதம் கெய்ரோவையும் காட்டும். ஓர் அறைக்குள் உலகத்தையே மடித்து வைத்த வேலை. எங்கள் குழு கெய்ரோவைத் தாண்டவில்லை. ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு இடமாற்றம்.

புதிதாகக் கதை எழுதுபவர்களிடம் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். இந்த உலகத்தைப் படைத்த லவ்கிராஃப்ட் வெள்ளையர் அல்லாதவரை எப்படிப் பார்த்தார் என்பது அவர் கதைகளிலேயே இருக்கிறது. அயல்நாட்டான், கறுப்பன், அவன்தான் பிசாசைக் கும்பிடுகிறவன் என்று எழுதுவது சோம்பேறித்தனம். 2017-இல் கிறிஸ் ஸ்பைவி 'ஹார்லெம் அன்பவுண்ட்' எழுதி அதற்குப் பதில் சொல்லிவிட்டார். கார்பிட்டையே பாருங்கள். உள்ளூர்க்காரர், சொத்துக்காரர், உயில் எழுதியவர்.

இன்னொன்று, ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள், கதையில் எது வரக் கூடாது என்று. ஒருமுறை நான் கேட்கவில்லை. மருத்துவமனை வார்டு ஒன்றை வர்ணித்துக்கொண்டிருந்தேன். நண்பர் ஒருவர் தண்ணீர் குடிக்கப் போவதாக எழுந்தார், திரும்பி வரவில்லை. அவருடைய அப்பா தவறி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

'தி ஹான்டிங்' கதை இருக்கும் தொடக்க விதிப்புத்தகத்தைக் கேயாசியம் இலவசமாகவே தருகிறது. பத்து முகப் பகடை இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், மூன்று பேரைக் கூப்பிடுங்கள். 1866-ஆம் ஆண்டுத் தாளை மட்டும் அச்சடிக்காமல் கைப்பட எழுதுங்கள். கடைசி வரிக்குக் கீழே இடத்தைக் காலியாக விடுங்கள்.