செட்டிநாட்டுக்கு ரெண்டு ரோல் ஃபிலிம்

போன மாசம் மூணு நாள் செட்டிநாட்டுப் பக்கம் சுத்திட்டு வந்தேன். காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி. கையில ஒரு பழைய மேனுவல் கேமரா, 35 எம்எம் லென்ஸ் ஒண்ணு, 400 ஐஎஸ்ஓ கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரெண்டு ரோல். மொத்தம் 72 படம். ஆபீஸ்ல சொன்னதும் வழக்கமான கேள்விதான்: "ஃபோன்ல ஃபில்டர் போட்டா வந்துடுமே, எதுக்குடா?"

'வின்டேஜ் ஃபீல்'னு பதில் சொல்ல எனக்குப் பிடிக்கல. பாதி இடிஞ்ச வீட்டைக் கறுப்பு வெள்ளையில எடுத்து, சோகமா ஒரு கேப்ஷன் போட்டு விடுறது ரொம்ப ஈஸி. அந்த வீட்டுக்கு அதனால ஒரு பிரயோஜனமும் இல்ல.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு நடை நடந்து பாருங்க. வரிசையா பழைய பொருள் கடைகள். தேக்குத் தூண், செதுக்கின நிலை, கதவு, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் பாத்திரம். எல்லாம் ஏதோ ஒரு வீட்டுல இருந்து வந்ததுதான். பர்மாவுலயும் மலாயாவுலயும் தொழில் பண்ணி வந்த காசுல கட்டின வீடுகள் இவை. 1942-ல ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதோட அந்த வருமானத்துல பெரிய அடி விழுந்துச்சு. இன்னைக்கு ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள், ஆளுக்கொரு ஊர்ல. பராமரிக்க முடியாதப்போ பிரிச்சு வித்துடுறாங்க. அவங்களைக் குறை சொல்ல நான் யாரு?

ஆனா கடையில தூண் கிடைக்கும், தூண் நின்ன இடம் கிடைக்காது. எந்தப் பக்கம் பார்த்து நின்னுச்சு, மேல எந்த உத்தரம் உட்கார்ந்திருந்துச்சு, காலையில எவ்வளவு வெளிச்சம் விழுந்துச்சு, இதெல்லாம் பிரிக்கிற அன்னைக்கே போயிடும். அதனால நான் எனக்கு ஒரு விதி வெச்சிருக்கேன். செதுக்கல் வேலையை க்ளோஸ்-அப் எடுக்கிறதுக்கு முன்னாடி, அது இருக்கிற இடத்தோட ஒரு படம் கண்டிப்பா எடுக்கணும். 72 படம்தான்ங்கிறப்போ இந்த வரிசை தானா வந்துடும். ஃபோன்ல நான் எடுத்ததைப் பார்த்தா நாப்பது க்ளோஸ்-அப் இருக்கு, எது எந்த வீடுன்னே தெரியல.

கறுப்பு வெள்ளை ஏன்னா, செட்டிநாட்டு வீடு வெளிச்சத்தை வெச்சுக் கட்டின வீடு. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, அடுப்படின்னு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு. வாசல்கள் நேர்கோட்டுல இருக்கும். முன்வாசல்ல நின்னா பின்வாசல் வெளிச்சம் கண்ணுல படும். நடுவுல முற்றத்துல வெயில், சுத்தி இருட்டு, மறுபடி வெயில். கலர் போயிட்டா இந்த அடுக்கு மட்டும் நிக்கும்.

இதுல டெக்னிக்கலா ஒரு சவால் இருக்கு. முற்றத்து வெயில்ல மீட்டர் எஃப்/16, 1/500 காட்டுச்சு. உள்கூடத்துல எஃப்/2.8, 1/60. எட்டு ஸ்டாப். நம்ம பாஷையில டூ பவர் எயிட், 256 மடங்கு. நான் நிழலுக்கு எக்ஸ்போஸ் பண்ணிட்டு, கழுவும்போது டெவலப்பர் நேரத்தைக் கொஞ்சம் குறைச்சுடுவேன். அப்போ வெயில் பகுதி ஒரேயடியா வெளுத்துப் போகாது. டெவலப்பர் 20 டிகிரியில இருக்கணும்னு பாக்கெட்ல போட்டிருப்பான். மே மாசச் சென்னைக் குழாய்த் தண்ணிக்கு அது தெரியாது. பக்கெட்ல ஐஸ் கட்டி போட்டு அதுக்குள்ள பாட்டிலை வைக்கிறதுதான் வழி.

ஆத்தங்குடி டைல்ஸ் வேற கதை. கண்ணாடித் தகடு மேல கலர் சிமென்ட்டை ஊத்தி வார்க்கிறது, சூளையே கிடையாது. அதுல சிவப்பும் பச்சையும் ஃபிலிம்ல கிட்டத்தட்ட ஒரே சாம்பலா விழுந்துடலாம், டிசைனே காணாமப் போயிடும். சிவப்பு ஃபில்டர் போட்டா சிவப்பு வெளுக்கும், பச்சை கறுக்கும், டிசைன் திரும்பி வரும். ஆனா மூணு ஸ்டாப் வெளிச்சம் போயிடும், ட்ரைபாட் வேணும்.

கானாடுகாத்தான்ல ஒரு வீட்டைப் பார்த்துக்கிற பெரியவர் கேமராவைப் பார்த்துட்டு, "கலர்ல எடுக்க மாட்டீங்களா தம்பி? சாயங்காலம் அந்தக் கண்ணாடி வழியா தரையில விழுற சிவப்புதான் தம்பி இந்த வீடே"ன்னார். கதவுக்கு மேல வண்ணக் கண்ணாடி. அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. அஞ்சு மணி வரைக்கும் உட்கார்ந்து அதை ஃபோன்லதான் எடுத்தேன். ஃபிலிமால முடியாததை ஃபிலிம்ல செய்யணும்னு அடம்பிடிக்கிறது எனக்கு ஒத்து வராது.

இந்த மாதிரி படத்துக்கு என்ன மதிப்புன்னு கேட்டா, நான் லின்னேயஸ் ட்ரைப்பைத்தான் காட்டுவேன். கம்பெனி ராணுவத்துல கேப்டன். 1858-ல மதுரை, தஞ்சாவூர் எல்லாம் போய் மெழுகு பூசின பேப்பர் நெகட்டிவ்ல எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படமா எடுத்து ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கினார். திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்திருக்கார், பின்னாடி நடந்த பெரிய சீரமைப்புக்கு முன்னாடி. அப்போ மகால் எப்படி இருந்துச்சுன்னு நாம இன்னைக்குப் பார்க்க முடியுது.

இன்னொண்ணு. இந்த ஃபிலிம் நம்ம ஊட்டியிலயே தயாராச்சு, தெரியுமா? ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், மத்திய அரசு நிறுவனம், 'இந்து'ங்கிற பேர்ல. அது மூடியாச்சு. இப்போ நான் இங்கிலாந்து ரோல்தான் வாங்குறேன், விலையைப் பத்திப் பேசவே வேணாம்.

நெகட்டிவ் கவர்ல ஊர், தெரு, தேதி, எந்தக் கட்டு, கேமரா எந்தத் திசையைப் பார்த்துச்சு, அஞ்சையும் பென்சில்ல எழுதி வெச்சிருக்கேன். வீட்டுக்காரங்க பேர் எழுதல, அது அவங்க விஷயம். பெரியவருக்கு வளவு படம் ஒண்ணு பெருசாப் பிரின்ட் போட்டுத் தபால்ல அனுப்பினேன். வந்து சேர்ந்ததான்னு ஃபோன் பண்ணினா, "வந்துச்சு தம்பி, அந்தக் கலர் படத்தையும் அனுப்புங்க"ங்கிறார். இந்த வாரம் அனுப்பணும்.