எதைக் கழிப்பது, எதைக் காப்பது: இமோஜித் தரவுக் கருத்தரங்கின் தலைமை உரை



பத்மநாபசுவாமி கோயிலின் வரவுசெலவையும் நிர்வாகத்தையும் ஓலையில் எழுதிக் காத்த ஊர் இது. இந்த ஊரின் கிழக்கேகோட்டையில் கூடி இமோஜித் தரவைச் சிறு கோப்புகளாக்குவது பற்றிப் பேசப் போகிறோம். இதை விளையாட்டுச் சமாச்சாரம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. 2010இல் யூனிகோட் 6.0 ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து இமோஜிகள் எழுத்துகளாகவே கணினியில் வாழ்கின்றன.

2024இல் வந்த இமோஜி 16.0 கணக்குப்படி அவை 3790. யூனிகோட் கூட்டமைப்பின் மூலக் கோப்புகள் விளக்கக் குறிப்புகளோடு விரிவாக இருக்கின்றன. ஒரு சின்னச் செயலிக்கு அவ்வளவும் வேண்டியதில்லை. கொடிகளையே பாருங்கள். ஐ (I), என் (N) என்னும் இரண்டு வட்டாரக் குறியெழுத்துகள் அடுத்தடுத்து நின்றால் இந்தியக் கொடி. அப்படி 26 குறியெழுத்துகளும் நாட்டுக் குறியீடுகளும் கையிலிருந்தால் நாட்டுக் கொடிகள் முழுவதையும் நிரலே ஆக்கிக்கொள்ளும். தோல் நிற மாற்றிகள் ஐந்துதான். நிறம் ஏற்கும் இமோஜிக்கு ஓர் அடையாளமிட்டால் பெரும்பாலும் போதும். ஆனால் கைகுலுக்கலுக்கு இந்த விதி மட்டும் போதாது. இருவர் கையும் ஒரே நிறமானால் ஒரே மாற்றி. நிறம் வேறானால் வலப்புறம் நீளும் கை, இடப்புறம் நீளும் கை என்ற இரு தனி இமோஜிகள் சேர்ந்த தொடர். இப்படிப்பட்ட விதிவிலக்குகளைக் கோப்பில் எழுதித்தான் வைக்க வேண்டும்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது அகலமற்ற இணைப்பானைப் பற்றி. அப்பா, அம்மா, மகள், மகன் கொண்ட குடும்ப இமோஜியில் நான்கு உருவங்களுக்கிடையே மூன்று இணைப்பான்கள் உண்டு. யூடிஎஃப்-8இல் மொத்தம் 25 பைட்டுகள். கண்ணுக்குத் தெரியாத குறிதானே என்று துப்புரவு செய்யும் நிரல் அதை நீக்கினால் குடும்பம் நான்கு தனி முகங்களாகச் சிதறும்.

கேரளம் இந்த வேதனையை முன்பே பட்டது. உயிரொலி சேராத மெய்யைக் குறிக்கும் மலையாளச் சில்லெழுத்துகள் முன்பு மெய், சந்திரக்கலை, இதே இணைப்பான் என்ற தொடராகத்தான் எழுதப்பட்டன. இணைப்பான் தொலைந்தால் ‘அவன்’ என்பது ‘அவனுக்கு’ என்று பொருள்படும் வடிவமாகிவிடும். 2008இல் யூனிகோட் 5.1 சில்லுகளுக்குத் தனி இடம் தந்தது. எனினும் பழைய வடிவமும் புதிய வடிவமும் ஒன்றே என்ற சமன்பாட்டைத் தரம் வகுக்கவில்லை. அதனால் இன்றும் தேடல் எழுதுபவர் இரண்டையும் ஒன்றாகக் கருத நிரலில் வழி செய்ய வேண்டியிருக்கிறது. அந்த அனுபவமுள்ளவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள். இமோஜித் தரவுக்கு அவர்கள் சொல்வது முதலில் கேட்கப்பட வேண்டும்.

பெயர்களுக்கு வருவோம். யூனிகோடின் சிஎல்டிஆர் திட்டத்தில் இமோஜிகளுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் பெயர்களும் தேடுசொற்களும் உள்ளன. 2019இல் வந்த ஆட்டோவையும் அகல்விளக்கையும் சேலையையும் நம் பிள்ளைகள் தாய்மொழியில் தட்டித் தேட முடிய வேண்டும். கோப்பின் எடை கூடுகிறது என்று முதலில் வெட்டப்படுவது இந்தப் பெயர்கள்தான். அதை நான் ஏற்கவில்லை. மொழிக்கொரு கோப்பாகப் பிரித்து, பயனர் கேட்ட மொழியை மட்டும் ஏற்றினால் எடை ஏறாது.

இன்றைய அமர்வுகளிடம் நான் கேட்பது இரண்டு. குறியீட்டுத் தொடர்களுக்கு ஒரு கோப்பு, பெயர்களுக்கு மொழிவாரியாக வேறு கோப்பு என்ற பிரிப்புக்கு மாதிரி அமைப்பொன்றை வகுத்துத் தாருங்கள். இணைப்பான் நீங்கினால் உடனே காட்டிக்கொடுக்கும் சோதனை வரிகளை, சில்லெழுத்துச் சொற்களையும் சேர்த்து, அதனுடனேயே வெளியிடுங்கள். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.