டெல்லியில் கூடும் குழுவும் நம்ம வாய்க்கால் தண்ணியும்

(மார்க்கையன்கோட்டை மகளிர் குழுக்களின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



குழுக்கடன் கேட்டு நாம் வங்கிக்குப் போனா, மேனேஜர் உடனே பணம் தர்றதில்லை. என்ன தொழில், திட்ட அறிக்கை எங்கே, தீர்மான நோட்டு எங்கேன்னு கேட்கிறார். ஆத்துக்குக் குறுக்கே அணை கட்ட நினைக்கிற அரசாங்கத்துக்கும் அப்படி ஒரு வாசல் உண்டு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தில், அணை, நீர்மின் திட்டங்களுக்குன்னே தனியா ஒரு நிபுணர் மதிப்பீட்டுக் குழு இருக்கு. 2006ஆம் ஆண்டு அறிவிக்கை வந்தப்போ, 50 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நீர்மின் திட்டங்கள் இவங்ககிட்டதான் போகணும்னு இருந்தது. இவங்க பரிந்துரையை அமைச்சகம் பெரும்பாலும் தள்ளுறதில்லை.

டெல்லிக் குழுவுக்கும் மார்க்கையன்கோட்டைக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க.

2024 மே 28ஆம் தேதி அந்தக் குழு பேச வேண்டிய விஷயங்களில் நம்ம தண்ணியும் ஒண்ணு. முல்லைப்பெரியாறு அணைக்கு 366 மீட்டர் கீழே புது அணை கட்டி, 1895இல் கட்டி முடிச்ச பழைய அணையை இடிச்சிடணும்னு கேரள அரசு திட்டம் கொடுத்திருந்தது. நம்ம முதலமைச்சர் மத்திய அமைச்சருக்கு எதிர்ப்புக் கடிதம் எழுதினார், கூட்டம் ரத்தாச்சு. ஆனா மனு வந்தது அது முதல் தடவை இல்லை. 2018 நவம்பரிலேயே, இரண்டு மாநிலமும் பேசி ஒத்துக்கணும்ங்கிற நிபந்தனையோட, ஆய்வு நடத்த அனுமதி கிடைச்சிருந்தது. அணை உறுதியா இருக்கு, 142 அடி வரை தேக்கலாம்னு 2014 மே 7இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகுதான் இவ்வளவும். அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறு பக்கம் குடியிருக்கிற அம்மாமாரின் பயத்தை நாங்க குறை சொல்ல வரலை. அவங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.

இந்தக் குழு வேலை செய்யும் முறைதான் நாம் தெரிஞ்சுக்க வேண்டியது. முதல்ல, எதையெல்லாம் ஆய்வு செய்யணும்னு ஒரு பட்டியல் போட்டுத் தருவாங்க. கேரளா 2024இல் கேட்டதும் இந்தப் பட்டியலைத்தான். சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா பட்டியலில் இல்லாதது அறிக்கையில் வராது. தேக்கடியில் இருந்து சுரங்கம் வழியா லோயர்கேம்ப் இறங்கி, மின்சாரம் எடுத்த பிறகு கூடலூர், கம்பம், உத்தமபாளையம் தாண்டி நம்மகிட்ட வர்ற தண்ணியும், கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயலும் அதில் எழுதப்படணும். கட்டுமானம் நடக்கிற வருஷங்களில் ஜூன் மாசம் தண்ணி திறப்பாங்களா? திறக்கலைன்னா நடவு, களையெடுப்பு எங்கே? அந்தக் கூலியை நம்பித்தான் பாதி உறுப்பினர்கள் சந்தா கட்டுறாங்க.

பட்டியலுக்குப் பிறகு வரைவு அறிக்கை, அதன் மேல் மக்கள் கருத்துக்கேட்பு. குறைஞ்சது 30 நாள் முன்னாடி பத்திரிகையில் அறிவிப்பு வரணும். அறிக்கைச் சுருக்கம் உள்ளூர் மொழியில் இருக்கணும். கலெக்டரோ அவர் சார்பில் ஒரு அதிகாரியோ தலைமை தாங்குவார். பேசினதை எழுதி, கடைசியில் எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டணும். நம்ம தீர்மான நோட்டு மாதிரியேதான். ஆனா கோரம் கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் நடத்தி முடிச்சிடலாம்.

இன்னொரு சிக்கல், திட்டம் அமையும் மாவட்டத்தில்தான் கூட்டம் நடக்கும். புது அணைக்குன்னா அது இடுக்கி மாவட்டம். நாத்துக்கட்டைக் கீழே போட்டுட்டு யார் மலையேறிப் போறது? அதுக்குத்தான் எழுத்துப்பூர்வமா கருத்து அனுப்ப வழி வச்சிருக்காங்க. பாதிப்பு வரும்னு காட்ட முடிஞ்ச யாரும் அனுப்பலாம்.

ஒரு காகிதம் என்ன செய்யும்னு நினைக்க வேண்டாம். கேரளாவிலேயே சாலக்குடி ஆத்தில் 163 மெகாவாட் அதிரப்பள்ளி நீர்மின் திட்டம் இருந்தது. ஜனங்க கருத்தைக் கேட்கலைன்னு 2001லயும், முழு அறிக்கையை ஜனங்க முன்னாடி வைக்கலைன்னு 2006லயும் அதன் அனுமதியைக் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செஞ்சது. அங்கே காட்டில் வாழும் காடர் பழங்குடிப் பெண்களும் எதிர்த்து நின்னாங்க. நிபுணர் குழு மறுபடி பரிந்துரை செஞ்சும், அந்த அணை இன்னும் எழும்பலை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கம் எழுதிட்டு வாங்க. ஒரு போகத்தில் உங்க குழுவில் எத்தனை பேருக்கு எத்தனை நாள் நடவு, களை, அறுப்பு வேலை கிடைக்குது, வாய்க்காலில் தண்ணி நின்னா வீட்டுக் கிணறு எத்தனை நாளில் இறங்குதுங்கிறதை உங்க வார்த்தையிலேயே எழுதுங்க. எழுதத் தெரியாதவங்க சொல்லுங்க, ஊக்குநர் எழுதுவார். கையெழுத்து, கைநாட்டு இரண்டும் செல்லும்.