பதினோரு வயதில் ஒரு சல்லடை



இங்கிலாந்தில் 1944 கல்விச் சட்டத்துக்குப் பின் 11 வயதுப் பிள்ளைக்குப் பரீட்சை வைத்தார்கள். தேறினால் கிராமர் பள்ளி. தேறாத பெரும்பகுதிக்கு மாடர்ன் பள்ளி. 15 வயதில் ஆலை வாசல். 1965ல் தொழிற்கட்சி சர்க்கார் எல்லோருக்கும் பொதுப்பள்ளி என்றது. வேடிக்கை என்னவென்றால், பின்னால் தாட்சர் அம்மையார் கல்வி மந்திரியாக இருந்தபோதும் கிராமர் பள்ளிகள் மளமளவென்று மாறின! 1998 சட்டம் புதிய கிராமர் பள்ளிகளுக்குத் தடை போட்டது.

2016ல் தெரசா மே தடையை நீக்கக் கிளம்பினார். 2017 தேர்தலில் பெரும்பான்மை போயிற்று, திட்டமும் போயிற்று.

"கெட்டிக்கார ஏழைப் பிள்ளை மேலே வர வேறு வழி ஏது?" என்று கிராமர் பள்ளி கேட்போர் இன்றும் கேட்கிறார்கள். இதை நாம் கேலி செய்யக் கூடாது. தறி ஓட்டும் தோழருக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ட்யூஷனுக்குக் காசு யாரிடம் இருக்கிறது? பரீட்சை நீடிக்கும் கென்ட் ஜில்லாவில், இலவச உணவு பெறும் பிள்ளைகள் கிராமர் பள்ளியில் சொற்பமே. தோற்ற பிள்ளைக்கு எந்தப் பள்ளி என்று கேளுங்கள், பேச்சை மாற்றுவார்கள்.