உணவைப் படம்பிடிப்பதும் ஒரு தொழிலே

(பினாங்கு வட்டாரத் தோட்ட மக்களிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளைகளின் எதிர்காலம் குறித்து நாம் பல தோட்டங்களில் பேசியிருக்கிறோம். ஆசிரியர், தாதியர், மின்பணியாளர், கணக்கர் என்று எடுத்துரைக்கும்போதெல்லாம் பெற்றோர் தலையசைத்துக் கேட்பார்கள். ஆனால் சில காலத்திற்கு முன் ஒரு தோட்டத்தில், கூட்டம் கலைந்த பின்னர், ஒரு தாய் நம்மை நிறுத்திவைத்து ஒரு வினா எழுப்பினார். “ஐயா, என் மகன் பள்ளி முடித்துவிட்டு உணவுப் பண்டங்களைப் படம்பிடிக்கும் தொழிலுக்குப் போகிறேன் என்கிறான். சோற்றைப் படம்பிடித்தால் சோறு கிடைக்குமா?” என்பதே அவ்வினா.

அன்று நம்மால் அவருக்குத் தக்க விடை கூற இயலவில்லை. “யோசித்துச் சொல்கிறோம் அம்மா” என்று மட்டும் கூறி வந்துவிட்டோம். அந்த விடையையே இன்று உங்கள் அனைவர் முன்னிலையிலும் வைக்க விரும்புகிறோம்.

முதலில், இது நேற்று முளைத்த விளையாட்டன்று என்பதை அறிதல் வேண்டும். நிழற்படக் கலை உலகிற்கு அறிவிக்கப்பெற்ற ஆண்டு 1839. இங்கிலாந்தில் ஃபாக்ஸ் டால்பட் என்பார் 1844 முதல் 1846 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட நிழற்பட நூலிலேயே, கூடைகளில் அடுக்கிய பழங்களின் படம் ஒன்று இடம்பெற்றுவிட்டது. கலை பிறந்து பத்து ஆண்டுகள் நிறைவதற்குள் உணவு அதன் முன் வந்து அமர்ந்துவிட்டது என்று கூறலாம்.

இக்கலைக்கும் பினாங்குத் தமிழருக்கும் உள்ள தொடர்பும் பழமையானது. ஜான் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு நிழற்படக் கலைஞர் 1862இல் இப்பகுதிக்கு வந்தார். பினாங்குத் தீவிலும், இன்று நாம் செபராங் பிறை என்றழைக்கும் நிலப்பகுதியிலும் அவர் ஏறத்தாழப் பத்து மாதங்கள் தங்கிப் படமெடுத்தார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, வெள்ளி உப்புக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, அப்பொழுதே இருட்டறையில் கழுவியாக வேண்டும். விரல்கள் கறுத்துப்போகும் கடினமான வேலை. அவ்வேலைக்கு உதவியாளராக வர வேறு பலர் தயங்கிய நிலையில், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த இருவரைப் பழக்கி வைத்துக்கொண்டதாகத் தாம்சன் 1875இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். ஆயினும் அவ்விடத்தில் அவ்விருவரின் பெயர்கள் எழுதப்படவில்லை. உழைப்பு இருந்தது, பெயர் நிற்கவில்லை. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

இனி, இத்தொழிலுக்கு இன்று பினாங்கில் இடம் இருக்கிறதா என்று பார்ப்போம்.

ஜார்ஜ் டவுன் நகரம் 2008ஆம் ஆண்டு மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. மிஷலின் உணவு வழிகாட்டியின் கோலாலம்பூர், பினாங்குப் பதிப்பு முதன்முதலாக 2022 டிசம்பரில் அறிவிக்கப்பட்டபோது, பினாங்கின் இரு உணவகங்கள் ஒரு நட்சத்திரத் தகுதியைப் பெற்றன. நாசி கண்டார், சார் குவே தியாவ், அசாம் லக்சா, செண்டோல், பசெம்போர் ஆகியவற்றைச் சுவைப்பதற்கென்றே மக்கள் இத்தீவுக்கு வருகின்றனர். இவற்றுள் நாசி கண்டார், தமிழ் முஸ்லிம் வணிகர்கள் தோளில் காவடி போன்ற கம்பில் சோற்றையும் கறியையும் சுமந்து விற்றதால் பெயர்பெற்ற உணவாகும்.

முன்பு கடைக்காரர் பலகையில் விலையெழுதி வைத்தால் போதும். இன்றோ, வீட்டிலிருந்தபடியே கைப்பேசியில் உணவு வரவழைப்பவர், வாசனையை நுகர்வதில்லை. வாணலியின் ஓசையைக் கேட்பதில்லை. படத்தை மட்டுமே காண்கிறார். ஆதலின் உணவகங்கள், தங்கும் விடுதிகள், மசாலைத்தூள் விற்பவர்கள், வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்கும் தாய்மார்கள் ஆகிய அனைவருக்கும் நல்ல படம் தேவைப்படுகிறது. தேவை இருக்குமிடத்தில் தொழிலும் இருக்கும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இது கைகூடுமா என்று ஐயுறுவோர் உண்டு. 2020ஆம் ஆண்டில், பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த தோட்டக் குடும்பத்துத் தம்பதியர், தம் எளிய சமையற்கட்டில் சமைப்பதைக் கைப்பேசியில் பதிவுசெய்து, மலாய்மொழியில் விளக்கி வெளியிட்டனர். நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் நாடு முழுவதிலும் பல இனத்தவரும் அதனைக் கண்டு மகிழ்ந்தனர். அது அசையும் படம். நாம் கூறுவது அசையாப் படம். எனினும், எளிய சமையற்கட்டும் உலகின் கண்ணுக்கு விருந்தாகக் கூடும் என்பதற்கு அது சான்றாகும்.

இனித் தொழிலின் நுட்பத்திற்கு வருவோம். பால்வெட்டுத் தெரிந்தவர்க்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும் என்போம்.

நீங்கள் ஏன் விடிவதற்கு முன்பே மரத்தடிக்குச் செல்கிறீர்கள்? காலைக் குளிர்ச்சியில் மரத்தினுள் அழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்கு வடியும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். படக்காரருக்கும் பொழுதே மூலதனம். நம் நாட்டில் நண்பகல் வெயில் ஏறத்தாழ உச்சியிலிருந்து விழுவதால் நிழல் கடுமையாகி, உணவு உயிரற்றுத் தோன்றும். காலை எட்டு மணி முதல் பத்தரை மணி வரையிலும், மாலை நான்கு மணிக்குப் பின்னரும் சன்னல் வழியாக வரும் மென்மையான ஒளியே உகந்தது. ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகளின் முன்னுள்ள அஞ்சடி நடைபாதை நிழலும், உள்முற்றத்தில் இறங்கும் வெளிச்சமும் இதற்கு ஏற்ற இடங்கள்.

பட்டையில் உளியைச் சாய்த்துப் பிடிப்பதுபோல ஒளியையும் சாய்த்துப் பிடிக்க வேண்டும். ஒளி முன்னாலிருந்து நேரே விழுந்தால் பண்டம் தட்டையாகத் தெரியும். பக்கத்திலிருந்தோ சற்றுப் பின்னாலிருந்தோ விழுந்தால் குழம்பின் பளபளப்பும், ரொட்டியின் மடிப்பும், எழும் ஆவியும் புலப்படும். இருண்ட பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் தெளியும். சன்னல் ஒளியில் எடுக்கும்போது அறையின் குழல்விளக்கை அணைத்துவிட வேண்டும். இருவேறு ஒளி கலந்தால் வெண்சோறு ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் காணும்.

அடுத்தது கோணம். வாழையிலைச் சோறும், பல கறிகள் பரப்பிய நாசி கண்டார்த் தட்டும் மேலிருந்து நேர் கீழாக எடுத்தால் சிறக்கும். கிண்ணத்திலுள்ள லக்சாவிற்கு, மேசையில் அமர்ந்து உண்பவர் காணும் சாய்வு பொருந்தும். நுரை ததும்பும் தே தாரிக்கிற்கும், அடுக்கிவைத்த ரொட்டிக்கும் கண்மட்டத்தில் எதிர்நின்று எடுப்பதே முறை.

மங்கில் விழுந்த பால் உறைவதற்குள் எடுத்துச் சேர்க்க வேண்டியிருப்பதுபோல, உணவும் நமக்காகக் காத்திராது. செண்டோலில் பனித்துருவல் கரையும், சார் குவே தியாவின் மினுக்கம் மங்கும், கீரை வாடும். ஆதலின் தேர்ந்தவர்கள் முதலில் வெறுந்தட்டை வைத்து ஒளி, கோணம், பின்னணி அனைத்தையும் சரிபார்த்துவிட்டு, இறுதியிலேயே உணவைக் கொண்டுவரச் சொல்வார்கள். தட்டின் விளிம்பில் சிந்திய துளியைத் துணியால் துடைப்பதும், காய்ந்த கறித்துண்டின்மேல் சிறிது எண்ணெய் தடவுவதும் இப்பணியின் பகுதியே.

இதற்கு விலையுயர்ந்த காமிரா உடனே வேண்டுமா? வேண்டாம். கைப்பேசியின் கண்ணாடியைத் துடைத்து, மின்னொளியை நிறுத்தி, பெரிதாக்கும் வசதியைப் பயன்படுத்தாமல், கருவியை அசையாது ஊன்றி எடுத்துப் பழகலாம். ஒரே சன்னல், ஒரே தட்டு, அம்மா அன்றாடம் சமைக்கும் உணவு. முப்பது நாள்கள், நாளொன்றுக்கு ஒரு நல்ல படம். முதல் நாள் படத்தையும் முப்பதாம் நாள் படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிற்கும் வேறுபாடு தெரிந்தால் மேலே செல்லலாம். தெரியவில்லையேல், கடன்பட்டுக் காமிரா வாங்கினாலும் தெரியப்போவதில்லை. தவணைமுறையில் கருவி வாங்கித் தொழிலைத் தொடங்குவது, மரம் முதிருமுன் பட்டையை வெட்டுவதற்கு ஒப்பாகும்.

நேர்மையைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவில் கேம்பல் சூப் நிறுவனத்தின் விளம்பரத்தில், கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளை இட்டு, காய்கறித் துண்டுகள் மேலே மிகுந்து தெரியுமாறு செய்திருந்தனர். அந்நாட்டு வாணிக ஆணையம் இதனை ஏமாற்று விளம்பரம் என்று கொண்டு நடவடிக்கை எடுத்து, 1970இல் அதனைக் கைவிடும்படி ஆணையிட்டது. நம் நாட்டிலும் பொய்யான வணிக விவரத்தைத் தடுக்க 2011ஆம் ஆண்டின் வணிக விவரச் சட்டம் உள்ளது. கடையில் மூன்று இறால் வைப்பார்களாயின் படத்திலும் மூன்றே இருத்தல் வேண்டும். படத்தைக் கண்டு வந்து ஏமாறியவர் மறுமுறை வரமாட்டார். அக்கடைக்காரரும் மறுமுறை அழைக்கமாட்டார்.

இனிப் பெயரும் உரிமையும். தாம்சனின் உதவியாளர் இருவரை இங்கு மீண்டும் நினைவுகூர்வோம். 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நிழற்படத்தையும் காக்கிறது. ஆனால் ஒரு நுட்பத்தை இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரையே சேரும். எனவே வேலையைத் தொடங்குமுன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். எத்தனை படங்கள், எப்பொழுது தருவது, எங்கெங்கே பயன்படுத்தலாம், உரிமை யாருக்கு, எடுத்தவர் பெயர் இடம்பெறுமா, கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்பவை அதில் இருக்கட்டும். “தெரிந்தவர்தானே, எழுத்தெதற்கு?” என்று இருந்துவிட்டுப் பின்னர் வருந்துவோர் பலர். எழுதிக்கொள்வது நட்பைக் கெடுப்பதன்று, காப்பதாகும்.

கூலியைக் கணக்கிடவும் தெரிய வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு கடைக்குப் பத்து உணவுகளைப் படமெடுக்க 600 வெள்ளி பேசியதாகக் கொள்வோம். ஒரு நாள் கடைக்காரருடன் கலந்துபேச, ஒரு நாள் படமெடுக்க, ஒரு நாள் படங்களைத் திருத்த என மூன்று நாள் வேலை. படகுக் கட்டணம், பேருந்து, தட்டு, துணி முதலியவற்றிற்கு 90 வெள்ளி செலவு. மீதி 510 வெள்ளி. நாளொன்றுக்கு 170 வெள்ளி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் திங்களுக்கு அத்தகைய வேலை இரண்டே கிடைத்தால் மொத்த வருவாய் 1,020 வெள்ளிதான். ஆதலின், தொடக்கத்தில் உள்ள வேலையை விட்டுவிடாமல், ஓய்வு நாள்களில் இதனைச் செய்து, வாடிக்கையாளர் பெருகிய பின்னரே முழுநேரத் தொழிலாக்குவது அறிவுடைமை.

தொழிலென்று தொடங்கியபின், முப்பது நாள்களுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் நடத்த ஆண்டுக்கு 30 வெள்ளியும், வணிகப் பெயரில் நடத்த 60 வெள்ளியும் கட்டணம். பதிவு இருந்தால்தான் நிறுவனங்கள் நம்பி வேலை தரும். தெக்குன் நேஷனலின் ஸ்பூமி போன்ற இந்தியச் சிறுதொழில் கடனுதவித் திட்டங்களையும் நாடலாம். சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ பாதுகாப்பும், ஊழியர் சேமநிதியில் தாமே முன்வந்து சேமிக்கும் வழியும் இருக்கின்றன. முதலாளி பிடித்துச் செலுத்தும் வேலையன்று இது. நாமே நமக்கு முதலாளி என்பதால், நாமே நமக்குச் செலுத்திக்கொள்ள வேண்டும்.

அன்பர்களே, அந்தத் தாயின் வினாவிற்கு இப்போது விடை கூறுவோம்.

அம்மா, சோற்றைப் படம்பிடித்தால் சோறு கிடைக்கும். ஆனால் உடனே கிடைக்காது. நட்ட ரப்பர்க் கன்று பால் தருவதற்கு ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கும் குடும்பத்தில் வந்தவர் நீங்கள். உங்கள் மகனுக்கும் சில ஆண்டுகள் கொடுங்கள். அதுவரை கைக்கு ஒரு வேலையும் இருக்கட்டும். விடியற்காலையில் எழும் பழக்கமும், பொறுமையும், ஒரு கீற்றுக்கூட ஆழமாய் விழாமல் வெட்டும் கைநிதானமும் உங்களிடமிருந்து அவனுக்குச் சொத்தாக வந்திருக்கின்றன. அவன் முதன்முதல் எடுக்கும் படம் உங்கள் கையால் சமைத்த உணவாகவே இருக்கட்டும். அதன் கீழே அவன் பெயரையும் மறவாமல் எழுதச் சொல்லுங்கள்.